ஈரத்தோடு போன துணி

எங்கள் ஊருக்கு அமைதி மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் லாரியில்தான் வந்தது, நீலத் தொப்பி போட்டுக்கொண்டுதான் வந்தது. உங்களைக் காக்கத்தானே வந்திருக்கிறோம், ஏன் எங்களை இப்படி ஓரக்கண்ணால் பார்க்கிறீர்கள் என்று புதிதாக வருகிற பட்டாளத்துக்காரர்களுக்கு எப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. காரணத்தை முதல் இரண்டு தடவை வந்தவர்களிடம்தான் அவர்கள் கேட்க வேண்டும். அவர்களை எங்கே போய்த் தேடுவது என்பது வேறு விஷயம்.

என் தொழில் பஞ்சர் ஒட்டுவது. கேம்ப்பிலிருந்து வருகிற சாலையும் கடைத்தெருவும் சேருகிற முக்கில் கடை. அதனால் மூன்று அமைதியையும் நான் டயரை வைத்தே அளந்திருக்கிறேன். முதலில் வந்தவர்கள் வெறும் பார்வையாளர்கள். கையில் துப்பாக்கி கிடையாது, கழுத்தில் தொலைநோக்கி மட்டும். அவர்களுடைய வெள்ளை ஜீப் தார் ரோட்டை விட்டு இறங்கியதே இல்லை என்பதால் ஒரு பஞ்சர்கூட எனக்கு வந்ததில்லை. யார் யாரைச் சுட்டார்கள் என்று குறித்துக்கொள்வது அவர்கள் வேலை. சுடாதே என்று சொல்வது அவர்கள் வேலையில் சேர்த்தி இல்லையாம். குறிக்க வேண்டியதை எல்லாம் குறித்து முடித்ததும் கிளம்பிப் போனார்கள்.

இரண்டாவது வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். ஆள் உயரத்துக்கு டயர் வைத்த வண்டிகள். பிள்ளைகளுக்குப் பந்தும் பால் பவுடரும் கொடுத்தார்கள். ஓடிப்போனவர்களை எல்லாம் வீடு திரும்பச் சொல்லி ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகக் கூவினார்கள். ஜனங்களும் நம்பித் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் அடுப்பு பற்றவைத்து ஒரு பருவம் ஓடியிருக்கும், ஒரு நாள் காலையில் பட்டாளம் மூட்டை கட்டிவிட்டது. அவர்களுடைய நாட்டில் தேர்தலாம், பிள்ளைகளைத் திருப்பிக் கூப்பிடுகிறார்களாம்.

மூன்றாவது வந்தவர்கள்தான் ஊருக்கு நடுவே கோடு போட்டவர்கள். உண்மையாகவே கோடுதான், மஞ்சள் பெயிண்டில். சந்தையைப் பாதியாக வெட்டி, பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தின் நடுவில் போய் முடியும். கோட்டில் ஒரு வாசல். வியாழக்கிழமை மட்டும் திறக்கும். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வரலாம், வியாபாரம் செய்யலாம், நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். இவர்கள் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. கேப்டன்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் முகம் பழகுவதற்குள் அடுத்தவர் வந்து அதே சிரிப்போடு கை நீட்டுவார். நாமும் கை கொடுப்போம், கொடுத்த கையை வேட்டியிலோ சட்டையிலோ துடைத்துக்கொள்வோம்.

என் கடைக்கு நேர் எதிரே சலவைக் கடை. முன்னால் இஸ்திரி மேஜை, நடுவில் இரண்டே அறை வீடு, பின்கட்டில் வெள்ளாவி அடுப்பும் சிமெண்டுத் தொட்டிகளும் கொடிக்கயிறுகளும். கடை முழுக்க அக்காவின் ராஜ்யம். அவளைச் சலவைக்கார அக்கா என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். அவள் புருஷனுக்கு இஸ்திரி என்றே பேர் விழுந்துவிட்டது. பேசுகிற பொறுப்பைக் கல்யாணத்தன்றே மனைவியிடம் ஒப்படைத்துவிட்ட மனுஷன் அவர். மூன்று பட்டாளத்தின் துணியையும் அந்த வீடுதான் துவைத்தது. முதலில் வந்தவர்களின் காலரில் அழுக்கே இருக்காது, வேர்வை சிந்துகிற வேலை ஒன்றையும் அவர்கள் பார்க்கவில்லை என்பாள் அக்கா. பட்டாளத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அழுக்கு வழியாகத் தெரிந்தது. அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவர்களுக்கு ஒரே பெண். அந்தப் பெண்ணின் புருஷனைத் தெருவே மாப்பிள்ளை என்று கூப்பிடும். அவர் அந்தப் பக்கத்துக்காரர். வியாழக்கிழமைதோறும் சோப்புக் கட்டியும் சலவைச் சோடாவும் பெட்டியில் போட்டுக்கொண்டு வாசல் தாண்டி வருவார். ஒரு வியாழக்கிழமை இந்தப் பெண் தனியாளாக ஒரு கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தாள். கம்பளி பிழிய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வலப்பக்கம் முறுக்கினால் எதிரில் நிற்பவர் இடப்பக்கம் முறுக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் இறங்கும். அம்மா அடுப்பில், அப்பா மேஜையில், இவள் ஒரு முனையைத் தூணில் கட்டிவிட்டு மல்லுக்கு நிற்கிறாள். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தூணிலிருந்த முனையை அவிழ்த்துக் கையில் வாங்கினார். பிறகு எந்த வியாழக்கிழமையும் கம்பளி தூணைப் பார்க்கவில்லை.

அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பக்கத்து ஆளையா என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெண் பிடித்த பிடியில் நின்றாள். கடைசியில் கல்யாணம் நடந்தது. அன்றைக்கிருந்த கேப்டன் தானே வந்து பொண்ணு மாப்பிள்ளையோடு படம் எடுத்துக்கொண்டார். கோட்டின் இரு பக்கமும் கைகோத்துவிட்டன என்று அந்தப் படத்தை அவர்கள் ஆபீஸ் சுவரில் பெரிதாக மாட்டினார்கள். மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கத்தில் குடியிருக்க முத்திரை குத்திய ஒரு அட்டையும் கொடுத்தார்கள். எந்த மேலதிகாரி வந்தாலும் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்திக் காட்டுவார்களாம்.

அட்டை கொடுத்துவிட்டால் தெரு சும்மா விடுமா. மாப்பிள்ளை பாலத்துப் பக்கம் காற்றாட நடந்தால்கூட யாருக்குச் சேதி சொல்லப் போகிறான் என்று பேசிக்கொண்டார்கள். அக்காவே முதல் வருஷம் அவர் மடித்து வைத்த துணியை மறுபடி பிரித்து எண்ணிப் பார்ப்பாள். அவருக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி அடுத்த கட்டை எடுத்து மடிப்பார். பிறகு ஒரு குளிர்காலத்தில் அக்கா காய்ச்சலில் படுத்தபோது கடையை முழுக்க அவர் தூக்கி நிறுத்தினார். அன்றிலிருந்து எண்ணுவதை விட்டாள். சாப்பாட்டில் முதல் தட்டு அவருக்குத்தான் என்று ஆனது. இப்போது பெண்ணுக்கு நிறைமாதம்.

அன்று வியாழக்கிழமை. ஒரு வாரமாக நசநசவென்று மழை. துணி காயாமல், பின்கட்டில் தகரக் கூரையின் கீழ் கொடி கொடியாகக் கேம்ப்பின் சட்டையும் படுக்கை விரிப்பும் சொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய துணி. காலையில் கேம்ப் லாரி வந்து நின்றது. எப்போதும் வருகிற கேலிப் பேச்சுக்காரனைக் காணோம். வேறு இரண்டு பேர், கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். எல்லாம் வேண்டும் என்று சைகை காட்டினார்கள். இன்னும் காயவில்லை என்று அக்கா ஒரு விரிப்பைப் பிழிந்தே காட்டினாள். பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, கொடியில் கிடந்தது, தொட்டியில் ஊறியது, அழுக்காகக் குவிந்திருந்தது எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் திணித்தார்கள். பைகளிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக லாரி போய்விட்டது.

நான் தெருவைத் தாண்டி ஓடினேன். இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார். பகல் வேளையில் அந்த மனுஷன் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான்," என்றார்.

அன்றைக்கு என்றால் இரண்டாவது பட்டாளம் போன அன்றைக்கு. அன்றும் லாரி வந்து ஈரத்துணியை வாங்கிக்கொண்டு போனது. அவசரம் போலிருக்கிறது என்று இவர்கள் கள்ளங்கபடில்லாமல் அள்ளிக் கொடுத்தார்கள். லாரி திரும்பிய திசை கேம்ப் இல்லை, விமான நிலையம். இஸ்திரி அண்ணனுக்கு ஒரு தங்கை இருந்தாள். அப்போது கோடு இல்லை, ஆனால் அவளும் அந்தப் பக்கத்து ஜனத்தில் ஒருவரைத்தான் கட்டியிருந்தாள், இதே வீட்டில் முன் அறையில் குடியிருந்தார்கள். பட்டாளத்தின் புழுதி அடங்குவதற்குள் ஆட்கள் வந்தார்கள். எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள்தான். அந்த மனுஷனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். உயிரோடு விடவில்லை. அந்தத் தங்கை பிறகு ஊரை விட்டே போய்விட்டாள். அண்ணன் வீட்டோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. துணி ஈரமாகப் போனபோதே உங்களுக்கு உறைக்கவில்லையா என்று அவள் போகும்போது கேட்டது ஒன்றுதான் மிச்சம்.

அதனால் அந்த வீட்டில் அது ஒரு கணக்காகவே நின்றுவிட்டது. பட்டாளம் ஈரத்துணியை வாங்கினால் கிளம்புகிறது என்று அர்த்தம். வேறு எந்த வீட்டுக்கும் இது தெரியாது, தெரிந்தாலும் சிரிப்பார்கள். இந்த வீட்டில் யாருக்கும் சிரிப்பு வராது.

சந்தேகம் வந்துவிட்டால் பார்க்கிறதெல்லாம் சாட்சி சொல்லும். கேம்ப் பக்கமிருந்து கரும்புகை எழும்பியது. போன தடவை காகிதங்களை எரித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். காய்கறி கொண்டுபோனவளைக் கேம்ப் வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சாலையில் ஜீப் நடமாட்டமே இல்லை, என் கடைக்குக் காற்றடிக்கக்கூட ஒருவரும் வரவில்லை. இதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அக்காவின் முன்னால் வைத்ததில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை காலித் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். துணியே இல்லாத கொடியைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். தம்பி சாப்பாட்டுக்கு வரட்டும், அவனைக் கேட்கலாம் என்றாள் அக்கா.

தம்பி என்றால் அக்காவின் கூடப்பிறந்தவன். கேம்ப்பில் மொழிபெயர்ப்பாளன். பட்டாளம் பேசுவதை நமக்கும் நாம் பேசுவதைப் பட்டாளத்துக்கும் சொல்கிறவன். ஊர் அவனுக்கு ரெண்டு நாக்கு என்று பட்டம் கட்டியிருந்தது. எந்த நாக்கில் எதைச் சொன்னானோ என்று எல்லோருக்கும் எப்போதும் ஒரு சந்தேகம். கேம்ப்பில் அவனை நம்பினார்களா என்று கேட்டால், அவன் போகும்போதும் வரும்போதும் பையைச் சோதனை போட்டுத்தான் விட்டார்கள்.

மதியம் வந்தான். ரொட்டியும் பருப்பும் வைத்தாள் அக்கா. அவன் சாப்பாட்டில் குற்றம் சொல்லாமல் எழுந்ததில்லை. உப்பு கூடிவிட்டது, பருப்பு வேகவில்லை, போன வாரத்து ரொட்டியா இது என்று ஏதாவது ஒன்று இருக்கும். அன்று தலையைக் குனிந்துகொண்டு, "நல்லா இருக்கு அக்கா," என்றான்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னடா நடக்குது கேம்ப்ல?"

"ஒண்ணும் இல்லையே. மேலிடத்துலேருந்து பெரிய ஆபீசர் பார்வையிட வர்றார். துணியெல்லாம் உள்ள இருக்கணும்னாங்க."

"பெரிய ஆபீசருக்கு ஈரத்துணியைக் காட்டவா? வந்து பார்க்கிறவர் மடிப்புக் கலையாத சட்டையைப் பார்ப்பாரா, சொட்டச் சொட்டப் பார்ப்பாரா?"

அவன் ரொட்டியை மென்றுகொண்டே இருந்தான். புகை எதற்கு என்றேன் நான். குப்பை என்றான். காய்கறிக்காரியை ஏன் விடவில்லை என்றதற்கு, வரும் வழியில் அவளைப் பார்க்கவில்லை என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான். பூசி மெழுகத் தெரிந்தவன்தான், ஆனால் அக்காவின் முன்னால் அவனுக்குக் கை வராது.

"நேராச் சொல்லு. போறாங்களா?" என்றாள்.

"போகலை அக்கா."

"என் பொண்ணு தலைமேல கை வெச்சுச் சொல்லு."

"போகலைன்னு சொல்றேனே. இன்னும் எத்தனை தடவை சொல்லணும்."

"அப்புறம் என்னதான் நடக்குது?"

அவன் தட்டைப் பார்த்தபடி, "சொல்லக் கூடாதது சிலது இருக்கு. புரிஞ்சுக்கோயேன்," என்றான்.

அவன் அதோடு நிறுத்தியிருந்தால்கூட வேறு மாதிரி ஆகியிருக்கலாம். கிளம்பும்போது, மாப்பிள்ளை ஒரு வாரத்துக்குக் கேம்ப் பக்கம் வராமல் இருப்பது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் அக்கா கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவசரத்தில் நடந்தது. நான்கு மணிக்கு வாசல் மூடிவிடும். அடுத்த வியாழன் வரைக்கும் இவர்கள் இருப்பார்கள் என்று யார் கண்டது. மாப்பிள்ளை இப்போதே கோட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்றாள் அக்கா. அங்கே அவருடைய அப்பா அம்மா இருக்கிறார்கள், அங்கே அவரை யாரும் தொட மாட்டார்கள். பெண்ணும் கூடப் போகட்டும் என்று நான் சொன்னேன். இங்கே அவர் யாரோ, அங்கே இவளும் அதேதான் என்று இஸ்திரி அண்ணன் சொன்னார். அன்றைக்கு அவர் பேசிய இரண்டாவது வாக்கியம் அது.

மாப்பிள்ளை அசையவில்லை. பட்டாளம் போனால் போகட்டும், நான் இங்கேதான் இருப்பேன், பிள்ளை பிறக்கிற நேரத்தில் எங்கே போவேன் என்றார். தெருவில் எல்லோரும் பழகியவர்கள்தானே என்றார். அன்றைக்கு வந்தவர்களும் பழகியவர்கள்தான் என்றாள் அக்கா. பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"என் தம்பி பொய் சொல்றான். அது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"பொய் சொன்னா? அவருக்கு ஆயிரம் இருக்கும்."

"எனக்கு ஒண்ணுதான் இருக்கு மாப்பிள்ளை. ஒருத்தரை இந்த வாசல்ல அப்படிப் பார்த்தாச்சு. இன்னொரு தடவை பார்க்க என் உடம்புல தெம்பு இல்ல. உங்க கால்ல வேணாலும் விழறேன், கிளம்புங்க."

விழவும் போனாள். அவர் பதறிப்போய்த் தடுத்து, சட்டையை மாட்டிக்கொண்டார். துணிமூட்டை கட்டும்போது அவருடைய உடுப்பு அந்த வீட்டில் எவ்வளவு கொஞ்சமாக இருந்தது என்று பார்த்தேன். ஊர் துணியெல்லாம் மலைபோலக் குவிகிற வீட்டில் அவருடையது ஒரு கைப்பைக்குள் அடங்கிவிட்டது.

வாசல் வரைக்கும் நாங்கள் எல்லோரும் போனோம். மழை விட்டுவிட்டு ஈரக்காற்று அடித்தது. வாசலில் நின்ற நீலத் தொப்பி வேறு ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டான், போய்த் திரும்புகிறீர்களா அல்லது போகிறீர்களா என்று. போய்த் திரும்புவதானால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் கையில் இல்லை. மாப்பிள்ளை திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தாள். போகிறேன் என்றார். அப்படியானால் குடியிருப்பு அட்டையைக் கொடுத்துவிடுங்கள் என்றான். கொடுத்தார். அதன் மூலையில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டிப் பெட்டியில் போட்டான். அவன் முகத்தில் கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை, காலையிலிருந்து அவன் எத்தனையோ பேரை அனுப்பிவிட்டிருப்பான். மாப்பிள்ளை மஞ்சள் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். பெண் கையை அசைக்கவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை கேம்ப்பில் கொடி ஏறியது. சனிக்கிழமையும் ஏறியது. அங்கே காவல் கோபுரத்து விளக்கு சாயங்காலம் தவறாமல் எரிந்தது. அக்கா கடைவாசலில் நின்று அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். போகக் கூடாது, போகக் கூடாது என்று இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டவள், அவர்கள் போகாமலிருப்பதைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தாள். போய்த் தொலைந்தால்தான் அவள் செய்தது சரி என்று ஆகும். அதை அவள் சொல்லவில்லை. எனக்கே அப்படித் தோன்றியது, என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

திங்களோ செவ்வாயோ, ஒரு ஜீப் காற்று இறங்கிய சக்கரத்தோடு என் கடைக்கு வந்தது. ஓட்டிவந்தவன் இடுக்குகளைச் சொறிந்த சொறியில் இரண்டு கை விரல்களும் போதவில்லை. விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ களிம்பு பூசியிருந்தது. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே அவன் கையைப் பார்த்தேன், அன்று லாரியில் வந்தவர்களின் ரப்பர் உறை ஞாபகம் வந்தது.

அன்று மாலையே தம்பி வந்தான், கறுப்புப் பைகளைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு. துணியெல்லாம் கேம்ப்பிலேயே கொதிக்க வைத்துக் காயப்போட்டாகிவிட்டது, இஸ்திரி போட மட்டும் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டான். நான்தான் சொன்னேன். அவன் அப்படியே மேஜை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. பட்டாளத்தில் பாதிப் பேருக்குச் சிரங்கு. புதிதாக வந்த அணி எங்கிருந்தோ கொண்டுவந்துவிட்டது. டாக்டர் எல்லாத் துணியையும் ஒரே நாளில் உள்ளே கொண்டுவந்து கொதிக்க வைக்கச் சொன்னார். மெத்தைகளை எரித்தார்கள், அந்தப் புகைதான் நாங்கள் பார்த்தது. வெளியாள் யாரையும் சேர்க்கவில்லை. அமைதி காக்க வந்தவர்கள் ஊருக்கு நோயைக் கொண்டுவந்தார்கள் என்று பேச்சு எழுந்தால் கல்லடி விழும், மேலிடத்தில் மானம் போகும் என்று கேப்டன் பயந்தார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று இவனிடம் சொல்லி வைத்தார்கள். மாப்பிள்ளையை வர வேண்டாம் என்றது, நிறைமாதக்காரி வீட்டுக்கு அந்த எழவைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"சிரங்காடா?" என்றாள். "சொறி சிரங்குக்கா?"

"நான் போகலைன்னு சொன்னேன் அக்கா. திரும்பத் திரும்பச் சொன்னேன். அது உண்மைதானே?"

"பக்கத்துல ஒரு பொய்யையும் வெச்சுச் சொன்னே. எது எதுன்னு நான் எப்படிடா பிரிப்பேன்?"

அவன் அழுதான். வளர்ந்த ஆண்பிள்ளை அப்படி அழுது பார்க்கச் சகிக்கவில்லை. இஸ்திரி அண்ணன் மேஜையைத் தட்டித் துடைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பெட்டியை ஓட்ட ஆரம்பித்தார். வேறு என்ன செய்வது.

வியாழக்கிழமை எல்லோரும் வாசலுக்குப் போனோம். கேப்டனே வந்திருந்தார். தம்பி கேட்டுக்கொண்டதால் வந்தாராம். இளவயது, நல்ல மனுஷன், அதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. பெண்ணை நிற்க விடாமல் மடக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தார். பிறகு தம்பி மூலமாக எல்லாவற்றையும் விளக்கினார். அட்டையைத் தானாகக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வர இரண்டு பக்கத்துச் சம்மதமும் வேண்டும். அந்தப் பக்கம் யோசிக்கிறது, இத்தனை வருஷம் இங்கே இருந்தவன் ஏன் திடீரென்று வந்தான், யார் அனுப்பினார்கள் என்று அவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆட்களோ, அட்டையை வீசிவிட்டுப் போனவனை ஏன் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். இதில் கேம்ப் தலையிட்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாக ஆகிவிடும். நாங்கள் நடுவில் நிற்பவர்கள் என்றார் கேப்டன். ரொம்பவும் வருத்தத்தோடுதான் சொன்னார்.

அந்தப் பக்கத்து வேலியோரம் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர்கள் ஆள் ஒருவன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேராகக் கூப்பிட்டுப் பேசக் கூடாது, போன வருஷம் ஒரு கைகலப்புக்குப் பிறகு போட்ட சட்டம். சேதி ஏதாவது இருந்தால் கேப்டனும் மொழிபெயர்ப்பாளரும் நடுவில் போய் வாங்கி வரலாம். இருவரும் போனார்கள். மாப்பிள்ளை பேசுவது தெரிந்தது, என்ன என்று கேட்கவில்லை. அவர் எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. தம்பியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினார். பேசி முடித்ததும் கூட நின்றவனோடு திரும்பி நடந்துவிட்டார்.

தம்பி வந்தான். சௌக்கியமாக இருக்கிறாராம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், சீக்கிரம் வருவாராம் என்றான்.

"அவர் சொன்னதைச் சொல்லுங்க மாமா," என்றாள் பெண். "நீங்க சொல்றதை நீங்க வெச்சுக்குங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு அவர் சொன்னபடியே சொன்னான்.

"'உங்க அக்காவுக்கு நான் வேண்டாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம். பட்டாளம் போகுதுன்னு கதை கட்டி அனுப்பியிருக்க வேண்டாம். பட்டாளம் இதோ நிக்குது. நீங்களும் சேர்ந்துதானே செஞ்சீங்க'ன்னாரு."

"அவ்வளவுதானா?"

"'மடிச்ச துணியை எண்ணினவங்கதானே, என்னையும் எண்ணிப் பார்த்துக் கழிச்சுட்டாங்க'ன்னாரு. பிள்ளை பொறந்தா சொல்லி அனுப்ப வேண்டாமாம்."

அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். என்னைச் சொல்லட்டும், என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், உன்னை ஏன் என்று பெண்ணைப் பார்த்து முனகினாள். இஸ்திரி அண்ணன் குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. கேப்டன் சங்கடத்தோடு எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் ஏதோ கேட்டார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருப்பார்.

பெண் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"கேப்டனையே நேரா ஒண்ணு கேளுங்க மாமா. இவங்க எப்பப் போவாங்கன்னு கேளுங்க."

தம்பி கேப்டனிடம் பேசினான். அவன் அதைத்தான் கேட்டானா, வேறு எதையாவது கேட்டானா, எங்களில் யாருக்கும் தெரியாது. கேப்டனின் முகம் தெளிந்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து, அன்பாகவே ஒரு பதில் சொன்னார்.

"எங்கேயும் போக மாட்டாங்களாம்," என்றான் தம்பி. "நீ பயப்பட வேண்டாமாம்."